நடுவருக்கு நான் சொன்ன ஓம்

போன ஏப்ரலில், நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த கல்லூரியில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கோடு போடுகிற ரோபோ ஒன்று வாங்கியிருக்கிறோம், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சோரன் சொன்னான். என் பழைய வேலையில் இப்போது இருக்கிறவன் அவன்தான். நானும் இப்போது இருக்கிற ரண்டர்ஸ் நகரத்தில் இருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன்.

சின்னப் புல்வெட்டும் இயந்திரம் அளவில் இருந்தது அந்தச் சாமான். சோரன் கைபேசியில் எதையோ அழுத்தினான். அது தானாகப் புறப்பட்டுப் போய், நாங்கள் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் முழு மைதானத்தையும் கீறிவிட்டது. மூலைகள் அச்சொட்டாக இருந்தன. நான் முகத்தைத் தொங்கப்போடுவேன் என்று சோரன் எதிர்பார்த்திருக்கவேண்டும். எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. என் முதுகைக் கேட்டால் முப்பது வருடம் பிந்தி வந்த சாமான் என்றுதான் சொல்லும்.

"இப்ப பெரிய ஆட்டங்களில பந்து கோட்டைத் தாண்டினதோ எண்டு சொல்லவும் மெஷின் இருக்கு. உங்கட காலத்தில ஆர் சொன்னது?" என்று கேட்டான்.

"நான்தான் சொன்னது."

"பிழை விட்டிருக்கிறீங்களோ?"

"ஒரேயொருக்கால். அதுவும் சரியாச் சொல்லித்தான் பிழைச்சது."

அவனுக்கு விளங்கவில்லை. கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, இதை எங்கேயாவது எழுதிவையுங்கள் என்றான். டெனிஸ் மொழியில் எழுதினால் பாதிச் சிரிப்புப் போய்விடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்குக்கு வந்தவன் நான். அகதி முகாம், மொழி வகுப்பு, ஒரு குளிர்காலம் முழுக்கக் கிறிஸ்மஸ் மரம் வெட்டியது, இன்னொரு குளிர்காலம் காளான் பண்ணையில் இருட்டுக்குள் நின்றது, இவ்வளவும் மூன்று வருடத்துக்குள் முடிந்துபோயிற்று. பிறகு நகரசபை என்னை யூலண்ட் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், பிராண்டேயில் இருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கே இரண்டு வருடம் பயிற்சி வேலை. பதவியின் பெயர் உதவிப் பெடெல். வீட்டுக்கு வந்து மனைவி சாந்தியிடம் சொன்னபோது, "சைக்கிளின்ர பெடலோ?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தின் கட்டடம், சூடாக்கும் இயந்திரம், புல், பனி, பூட்டு, திறப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள்தான் பெடெல் என்று விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் அவள் என்னைப் பெடல் என்றுதான் கூப்பிட்டாள்.

தலைமைப் பெடெலின் பெயர் ஹோல்கர். ஐம்பத்தெட்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம். முதல்நாள் என் பெயரைக் கேட்டார். யோகன் என்றேன். நம்மவர் வாயில் அது 'யோஹன்' என்றுதானே விழும். "யோஹான்! எங்கட அப்பாவின்ர பேர்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றில் இருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கல்லூரியில் நான் யோஹான்தான். டெனிஸில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த மனிதரை அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்பவில்லை. பெயர் சொல்லாமல், முன்னால் போய் நின்று இருமித்தான் அவரைத் திரும்பவைப்பேன்.

ஹோல்கர் கதை குறைந்த ஆள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரைக்கும், அது எத்தனை நிமிடமானாலும், அப்படியே நிற்பார். டெனிஸில் வசனம் கட்டத் திணறுகிற ஆளுக்கு இதைவிட நல்ல மேலதிகாரி கிடைக்கமாட்டார். அவர் வாயில் வரும் உச்சப் பாராட்டு "அவ்வளவு மோசமில்லை" என்பது. இரண்டு வருடத்தில் அதை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன், மூன்றும் எந்த நாள் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

எங்கள் இருவருக்கும் நடந்த முதல் குழப்பத்தை இங்கேயே சொல்லிவிடவேண்டும். டெனிஸில் 'ஒம்' என்றொரு சொல் இருக்கிறது. ஒரு வேலையைத் 'திரும்பவும் செய்' என்று சொல்ல அதைப் பாவிப்பார்கள். எங்களுடைய 'ஓம்' ஆமாம் என்பதற்கு என்று உங்களுக்குத் தெரியும். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம்தான், அவசரத்தில் அதுவும் இருக்காது. நான் சேர்ந்த முதல் கிழமை கோல் கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தேன். "கட்டியாச்சோ?" என்று ஹோல்கர் கேட்டார். "ஓம்," என்றேன். அவர் வந்து வலையை அவிழ்க்கத் தொடங்கினார். ஏதோ பிழையாகக் கட்டிவிட்டேனாக்கும் என்று நானும் சேர்ந்து அவிழ்த்தேன். திரும்பக் கட்டினோம். "இப்ப சரியோ?" என்றார். "ஓம்," என்றேன். மூன்றாம் தடவை அவிழ்க்கும்போதுதான் இரண்டு பேருக்கும் வெளித்தது. அவர் நிலத்தில் குந்தியிருந்து சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அதன்பிறகு என் ஓம் அவருக்குப் பழகிவிட்டது. மற்றவர்களுடன் கதைக்கும்போது நான் கவனமாக 'யா' என்று சொல்லுவேன்.

கோடு போடுவதுதான் ஹோல்கருக்கு உயிர். முதலில் நான்கு மூலையிலும் முளை அடிக்கவேண்டும். மூலை நேராக இருக்கிறதோ என்று பார்க்க மூன்று முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தார். ஒரு பக்கம் ஆறு மீற்றர், மறுபக்கம் எட்டு, குறுக்கே பத்து. மூன்றும் இழுபட்டு நின்றால் மூலை சரி, எங்காவது தொய்ந்தால் முளையைப் பிடுங்கித் திரும்ப அடிக்கவேண்டும். பிறகு முளைக்கு முளை நூல் கட்டி, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சில்லு வண்டிலில் ஊற்றித் தள்ளவேண்டும். தள்ளும்போது சில்லைப் பார்க்கக்கூடாது, தூரத்து முளையைப் பார்க்கவேண்டும். நான் சில்லைப் பார்த்துப் போட்ட முதல் கோட்டை அவர் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதில ஆரும் ஓடினால் தலைசுத்தும்," என்று மட்டும் சொன்னார். புதுக் கோட்டைத் தாண்டும்போது மரச்சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சொக்ஸோடு நடப்பார்.

அவர் விட்டுக்கொடுக்காத விசயம் கோல் கோடு. கம்பம் எவ்வளவு தடிப்போ கோடும் அவ்வளவு அகலமாக இருக்கவேண்டும், ஒரு மயிரிழை கூடவோ குறையவோ கூடாது. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். கோடு அகலம் மாறினால் ஆட்டமே மாறிப்போகும் என்பார். அதனால் கோல் கோட்டை வண்டிலால் போடவிடமாட்டார். இரண்டு பக்கமும் பலகை வைத்து, முழங்காலில் நின்று, தூரிகையால் பூசவேண்டும். ஆட்டம் நடக்கும் நாள் காலையில்தான் பூசுவோம். மத்தியானத்துக்குப் பிறகும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும், பந்து பட்டால் வெள்ளை ஒட்டும்.

எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு போட்டி வைத்தன. எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடவேண்டும். பரிசு ஒரு மரக் கேடயம். எங்கள் கல்லூரி அதைக் கடைசியாக வென்று பத்தொன்பது வருடம். ஹோல்கரின் அறைச் சுவரில் அந்தக் கேடயம் தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. அதில் ஒரு தொப்பியைக்கூட அவர் கொழுவவிடமாட்டார்.

நான் சேர்ந்த இரண்டாவது வசந்தத்தில் எங்களுக்கு நல்ல கீப்பர் ஒருவன் வந்து சேர்ந்தான். கார்ஸ்டன் என்று பெயர். கணக்கு வாத்தியாராக வரப் படித்துக்கொண்டிருந்தவன், கதைக்கும்போது மூக்கு நுனி வரைக்கும் சிவந்துபோகிற கூச்ச சுபாவி. கம்பத்துக்கு நடுவில் நின்றால் ஆள் வேறு. முதல் ஆட்டத்தில் தோற்றோம், இரண்டாவது சமநிலை. மூன்றாவதுக்கு முந்தின நாள் கார்ஸ்டனின் கணுக்கால் சுளுக்கி வீங்கிவிட்டது. தாதியிடம் போகக் கூச்சப்பட்டு என்னிடம் வந்து ஐஸ் கேட்டான். நான் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாந்தி மஞ்சளும் உப்பும் குழைத்துச் சூடாக்கிப் பத்துப் போட்டு, மேலே அவனுடைய வெள்ளைச் சொக்ஸையே இழுத்துவிட்டாள். அடுத்தநாள் அவன் ஆடினான், நாங்கள் வென்றோம். அந்தச் சொக்ஸை நான் கவனிக்காமல் மற்றவர்களின் சொக்ஸோடு போட்டுத் தோய்த்துவிட்டேன். பதினாறு சோடியும் மஞ்சள். தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் பெடியள் அதை வெற்றிச் சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க வெள்ளைச் சொக்ஸ் போட ஒருவனும் சம்மதிக்கவில்லை.

நான் கொடி பிடிக்க வந்த கதை இது. ஒவ்வொரு அணியும் கோட்டோரம் கொடி பிடிக்க ஒரு லைன்ஸ்மனைக் கொடுக்கவேண்டும் என்பது போட்டியின் வழக்கம். எங்கள் ஆள் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஹோல்கர் கொடியை என் கையில் தந்தார்.

"எனக்கு டெனிஸ் காணாது," என்றேன்.

"கொடிக்கு என்ன டெனிஸ்? கோட்டைப் போடுறவன் நீ. அது எங்க இருக்கெண்டு உனக்குத் தெரியும்."

நான் ஊரில் பந்தடித்தவன், சட்டங்கள் தெரியும். மூன்றாவது ஆட்டத்தில் இருந்து கொடி என்னுடையது. தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்றோம். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், முப்பது கிலோமீற்றர் தள்ளியிருந்த விவசாயக் கல்லூரியோடு. சமநிலை எடுத்தாலே கேடயம் எங்களுக்கு. அவர்கள் எடுக்கவேண்டுமென்றால் வெல்லவேண்டும். ஹோல்கர் அந்தக் கிழமை முழுக்க ஆணியைத் துடைத்துக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அந்த ஆட்டத்தோடு இன்னொன்றும் பிணைந்திருந்தது. என் பயிற்சிக் காலம் ஜூன் கடைசியோடு முடிகிறது. என்னை நிரந்தரமாக எடுப்பதோ விடுவதோ கல்லூரி அதிபரான ரெக்டர் இங்கெரின் கையில். அவ எனக்குத் தந்திருந்த நேரம், ஆட்டம் முடிந்து வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணி. எடுக்காவிட்டால் நகரசபை என்னை வேறு ஊரில் உள்ள பன்றி இறைச்சித் தொழிற்சாலைக்கு அனுப்பும். சாந்திக்கு ஏழு மாதம். அப்போதுதான் அவளுக்குப் பக்கத்து வீட்டு மனிசியோடு டெனிஸில் நாலு வார்த்தை கதைக்க வந்திருந்தது. திரும்ப வீடு மாறுவதை இரண்டு பேரும் நினைத்துக்கூடப் பார்க்க விரும்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். நல்ல வெயில். இருநூறு பேர் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நடுவர் பக்கத்து ஊர்த் தபால்காரர், நேர்மையான மனிதர். ஆளுக்கொரு கோல் அடித்து ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பெனால்டிப் பெட்டிக்குள் எங்கள் ஆள் ஒருவனின் கையில் பந்து பட்டது. பெனால்டி.

அது என்னுடைய பக்கத்துக் கோல். நான் போய்க் கோல் கோட்டுக்கு நேரே நின்றேன். விவசாயக் கல்லூரியின் பண்ணைப் பெடியன் ஒருவன் ஓடிவந்து இடி மாதிரி அடித்தான். பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு நேரே கீழே விழுந்து துள்ளி வெளியே வந்தது. கார்ஸ்டன் அதைப் பாய்ந்து கட்டிப்பிடித்தான். விவசாயக் கல்லூரிக்காரர் கோல் என்று கையைத் தூக்கினார்கள், எங்கள் ஆட்கள் இல்லை என்று தலையை ஆட்டினார்கள்.

நான் பார்த்தேன். பந்து விழுந்த இடத்துக்கும் என் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் புல் தெரிந்தது, இரண்டு விரல் அகலம் இருக்கும். அது கோல்தான்.

நடுவருக்கு முகத்துக்கு நேரே வெயில். அவர் என்னிடம் ஓடிவந்தார். "என்ன யோஹான், கோலோ?"

எங்கள் அணிக்கு எதிராகச் சொல்லவேண்டும். ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. திறந்த வாயில் இருந்து டெனிஸ் வரவில்லை. பதறினால் எவனுக்கும் தாய்மொழிதானே முந்திக்கொண்டு வரும். "ஓம்," என்றேன்.

"ஒம்?" என்று நடுவர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஓம், ஓம்," என்று நான் இன்னும் உறுதியாகச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் விசிலை ஊதினார். கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியது. திரும்பவும் அடிக்கவேண்டுமாம். அடிக்கும் முன்பே கார்ஸ்டன் அசைந்துவிட்டான், பந்தும் உள்ளே போகவில்லை, அதனால்தான் லைன்ஸ்மன் 'ஒம்' என்கிறான், இப்படி அந்த மனிதர் விளங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் கப்டன் என்னைப் பார்த்துக் கத்தின வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பண்ணைப் பெடியள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கிறதுதானே என்று பந்தைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை மறைக்கக்கூடாது. என்ன நடந்தது என்று எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. பந்தை வைத்து, அவன் சொக்ஸை இழுத்துவிட்டு, பின்னால் நடந்து போக அரை நிமிடம் எடுத்தது. பந்து உள்ளே போனது என்று சொல்ல டெனிஸில் மூன்று சொல் போதும், மூன்றும் எனக்குத் தெரியும். கொடியைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். நான் கயிற்றுக்கு அப்பால் நின்ற ஹோல்கரைப் பார்த்தேன். ரெக்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை பத்து மணியை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது அடியைக் கார்ஸ்டன் தடுத்தான். பந்து வலப்பக்கம் கீழ் மூலைக்குப் போனது. அவன் மண்ணோடு மண்ணாக நீண்டு, விரல் நுனியால் தட்டி வெளியே விட்டான். என் முப்பத்தொரு வருடத்தில் அதைவிட நல்ல தடுப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கேடயம் எங்களுக்கு.

கன்ரீனில் கேக்கும் கோப்பியும் வைத்தார்கள். ரெக்டர் இங்கெர் கதிரையில் ஏறி நின்று பேசினா. கேடயத்தைப் பற்றிப் பேசுவா என்று பார்த்தால் என்னைப் பற்றி. சொந்த அணிக்கு எதிராகவே பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொன்ன லைன்ஸ்மன் எங்களிடம் இருக்கிறார், வருங்கால ஆசிரியர்களே, நேர்மை என்றால் இதுதான் என்றா. எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்சம் முன்பு கத்தின கப்டன் வந்து தோளைத் தட்டி மன்னிப்புக் கேட்டான். விவசாயக் கல்லூரியின் பயிற்சியாளர்கூட என் கையைப் பிடித்து, "உங்களைப்போல ஆள் எங்களுக்கும் வேணும்," என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெனால்டி அடித்தவன் சுவரோடு சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். நான் கேக்கைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்கள் பொய் சொல்லேல்லையே. ஓம் எண்டதுக்கு ஓம் எண்டுதானே சொன்னீங்கள். அந்தாளுக்குத் தமிழ் தெரியாததுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

எனக்கும் அந்த நியாயம் பிடித்திருந்தது. சனிக்கிழமை முழுக்க அதை வைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாந்தி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"அடிச்ச பெடியன் அழுதவனோ?"

"ஓம்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "பன்றித் தொழிற்சாலை இருக்கிற ஊரில எங்கட சனம் ஆரும் இருக்கினமோ?"

"ரண்டு குடும்பம் இருக்காம்."

"அப்ப காணும்," என்றாள். திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று அதோடு முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஹோல்கரின் அறையில் வழமையான கோப்பி. ஆணியில் கேடயம் தொங்கியது. சொல்லவேண்டியதை வழியெல்லாம் டெனிஸில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். முன்னால் போய் நின்று இருமினேன். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "பந்தில சுண்ணாம்பு ஒட்டியிருக்கேல்லை," என்றார்.

நான் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஈரக் கோட்டில பட்டிருந்தால் ஒட்டியிருக்கும். ஆட்டம் முடிய எடுத்துப் பாத்தன். அதோட, உன்ர ஓம் எனக்குத் தெரியும். அங்க நிண்ட இருநூறு பேரில எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

இந்த முறை பதிலுக்குக் காத்து நின்றவன் நான். அவர் கேடயத்தைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷம், யோஹான்," என்றார். காதெல்லாம் சிவந்துபோய்விட்டது. அந்தப் பெரிய மனிதர் அப்படி வெட்கப்பட்டு நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. எழும்பிக் கேடயத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வா," என்றார்.

ரெக்டரின் மேசையில் என் பெயர் போட்ட கடதாசி ஏற்கெனவே இருந்தது. நாங்கள் இருவரும் சொல்லிமுடிக்க அவ முதலில் சிரித்தா. ஓம் என்று இரண்டு தடவை தானும் சொல்லிப்பார்த்தா. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இருநூறு பேருக்கு முன்னால உங்களைப் புகழ்ந்து பேசினன்," என்றா. கடதாசியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினா. அந்த லாச்சி மூடின சத்தம் எனக்கு இப்பவும் காதுக்குள் இருக்கிறது.

நடுவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஆட்டத்தின் முடிவை மாற்றச் சட்டத்தில் இடமில்லை, இரண்டு அணியும் விரும்பினால் மட்டும் முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடலாம் என்றாராம். அப்படித் திரும்ப ஆடும் ஆட்டத்துக்கு டெனிஸில் 'ஒம்கம்ப்' என்று பெயர். அதிலும் அந்த ஒம் இருப்பதைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மத்தியானம் அணியை ஜிம்முக்குக் கூப்பிட்டு என்னைச் சொல்லச் சொன்னார்கள். பதினாறு பேருக்கு முன்னால் நின்று சொன்னேன். ஓம் என்ற சொல்லை விளங்கப்படுத்தினபோது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அரை நிமிடம் தெரிந்துகொண்டே வாயை மூடி நின்றேன் என்பதையும் சொன்னேன். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்ப ஆடுவோமா என்று கை தூக்கச் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தூக்கினார்கள். கார்ஸ்டன் மட்டும் தூக்கவில்லை. அவன் வாழ்க்கையில் தடுத்த ஆகத் திறமான பந்தை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேனே. அவன் என்னைப் பார்க்காமல் எழும்பிப் போனான். அதில் அவனைக் குறைசொல்ல எனக்கு ஒரு நியாயமும் இல்லை.

அடுத்த கிழமை திரும்ப ஆடினோம். காலையில் கோட்டை நான்தான் போட்டேன், கொடியை வாங்க மாட்டேன் என்றுவிட்டேன். ஒரு மாணவன் பிடித்தான். ஹோல்கரும் நானும் கயிற்றோடு நின்று பார்த்தோம். இரண்டுக்குப் பூச்சியம், சுத்தமாகத் தோற்றோம். சந்தேகப்பட ஒன்றுமே இருக்கவில்லை. ஹோல்கர் தன் கையாலேயே கேடயத்தைப் பண்ணைப் பெடியளிடம் கொடுத்தார். பெனால்டி அடித்தவனின் கையைக் குலுக்கி, "அவ்வளவு மோசமில்லை," என்றார். அந்தப் பெடியனுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரிந்திருக்காது. கார்ஸ்டன் என்னைக் கடந்து போனான், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவன் காலில் அதே மஞ்சள் சொக்ஸ்.

அடுத்த நாள் காலை ரெக்டர் கூப்பிட்டா. தொழிற்சாலைக்கு எந்த பஸ் போகும் என்று அதற்குள் விசாரித்து வைத்திருந்தேன். அவ லாச்சியைத் திறந்து கடதாசியை எடுத்து என் பக்கம் தள்ளினா.

"வாசிச்சுப் பாருங்கோ. ஆறுதலா."

நிரந்தர நியமனம் என்று மேலே இருந்தது. கீழே வேலைகளின் பட்டியல், தட்டச்சில். புல் வெட்டுதல், பனி தள்ளுதல், சூடாக்கும் இயந்திரம், பூட்டுத் திறப்பு, மைதானத்துக்குக் கோடு. அதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி புதிதாக எழுதியிருந்தது. 'எமது மைதானத்தில் நடக்கும் எல்லா ஆட்டங்களிலும் லைன்ஸ்மன்.'

எழுத்து மணி மணியாக இருந்தது. கொடியை ஹோல்கர்தானே முதலில் என் கையில் தந்தவர். "ஹோல்கர் எழுதினவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றா இங்கெர். "காலமை எட்டு மணிக்கு முதலே கார்ஸ்டன் வந்து கதவைத் தட்டினவர். உங்கட கடதாசி இன்னும் லாச்சிக்குள்ளயோ எண்டு கேட்டார். எடுத்துக் காட்டினன். என்ர பேனையை வாங்கி அவர்தான் எழுதினவர். அடுத்த வருஷமும் தான்தான் கீப்பராம், கோட்டில வேற ஆள் நிண்டால் தனக்குச் சரிவராதாம்."

நான் அழுதேன். வேலை கிடைத்ததற்காக அல்ல, வேலையை அந்த நேரம் நான் மறந்தே போய்விட்டேன். எங்கே கையெழுத்து வைப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கெர் எழும்பி மேசையைச் சுற்றி வந்து, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினா.